பூட்டிய வீட்டுக்கு மலைப்பற்று என்று பெயரா?

ஆல்ப்ஸ் மலையில் குடும்பத்துக்கென்று ஒரு மரவீடு இருப்பது சுவிட்சர்லாந்தின் வசதியான நகரக் குடும்பங்களுக்குப் பெருமை. ஷாலே என்று அழைக்கப்படும் அந்த வீட்டை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு எழுதாத விதி ஒன்றும் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு போகலாம். பிப்ரவரி பள்ளி விடுமுறையில் பனிச்சறுக்குக்குப் போகலாம். கோடையில் பத்து நாள் தங்கலாம். மற்ற நாளெல்லாம் சன்னல்களின் மரக்கதவுகளைச் சாத்தி, குழாய்த் தண்ணீரை வடித்து, பூட்டிவிட்டு வந்துவிட வேண்டும். அதே வீட்டை ஆண்டு முழுக்க வாடகைக்கு விடுகிறவரைப் பற்றிய பேச்சே வேறு: தாத்தா கட்டிய வீட்டைச் சத்திரமாக்கிவிட்டார், மலையின் அமைதியைக் காசாக்குகிறார், உள்ளூர்க்காரர் வயிற்றில் அடிக்கிறார்.

இந்தப் பேச்சுக்கு மூன்று திசையிலிருந்து ஆள் சேர்கிறது. மரபைக் காக்க நினைப்பவர்கள், ஷாலே என்பது குடும்பச் சொத்து, கடைச்சரக்கு அல்ல என்கிறார்கள். சூழல் ஆர்வலர்கள், வாடகைக்கு விட்டால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் மலை கெடும் என்கிறார்கள். வீட்டு வாடகை உயர்வை எதிர்த்துப் போராடுகிறவர்கள், ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் நகரங்களுக்குச் செய்ததை மலைக்கும் செய்யும் என்கிறார்கள். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். மூவரும் வந்து சேரும் முடிவு ஒன்றே: வாடகைக்கு விடாமல் பூட்டி வைப்பதே நாகரிகம்.

அந்த முடிவு தவறு என்பது என் வாதம். மலைக் கிராமத்தை அரித்துத் தின்பது பூட்டிய வீடுதான். ஒழுங்காக நிர்வகித்து ஆண்டு முழுக்க வாடகைக்கு விடும் வீடு, கிராமத்துக்கும், குடும்பத்துக்கும், ஏன், மலைக்குமே நல்லது. மூன்று தரப்பின் வாதங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மரபு. ஷாலே தோன்றியபோது அது யாருடைய விடுமுறை வீடும் அல்ல. கோடையில் மாடுகளை உயரமான மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிப்போன இடையர்கள், அங்கேயே பாலைக் கறந்து பாலாடைக்கட்டி செய்வதற்காகப் போட்ட கொட்டகை அது. வலே மாநிலத்தின் அனிவியே பள்ளத்தாக்கில் குடும்பங்கள் ஆண்டு முழுக்க மேலும் கீழும் நகர்ந்தபடியே வாழ்ந்தன. கீழே சியேர் நகரத்துக்கு அருகில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு. நடு உயரத்தில் கிராம வீடு. அதற்கு மேலே வசந்தகாலப் புல்வெளியில் ஒரு குடில். உச்சியில் மேய்ச்சல் கொட்டகை. ஒவ்வொரு கூரைக்கும் ஒரு வேலை இருந்தது.

அந்தக் கட்டடங்களும் பல மாதம் காலியாகத்தானே கிடந்தன என்று யாராவது மடக்கலாம். கிடந்தன. ஆனால் வீட்டுக்காரர் அதே பள்ளத்தாக்கில் இன்னொரு படியில் உழைத்துக்கொண்டிருந்தார். பனியாறுகளிலிருந்து வயலுக்கு நீர் கொண்டுவரும் நீண்ட கால்வாய்களைச் செப்பனிட ஊர்முறை வந்தபோது அவரும் மண்வெட்டியோடு போனார். அவர் பிள்ளை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது. இன்று பூட்டிக் கிடக்கும் ஷாலேயின் உரிமையாளர் இருப்பது சூரிச்சில், ஜெனீவாவில், சில நேரம் லண்டனில். இரண்டு காலியும் ஒன்றாகிவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் இன்று படத்தில் பார்த்து மயங்கும் செதுக்கு வேலைப்பாடுள்ள ஷாலே, 19ஆம் நூற்றாண்டு சுற்றுலாவின் பிள்ளை. ‘சுவிஸ் வீடு’ என்ற மோகம் ஐரோப்பா முழுக்கப் பரவியபோது, தொழிற்சாலைகள் அதைத் துண்டு துண்டாகச் செய்து பெட்டியில் அடைத்து விற்றன. ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸுக்கு நடிகர் சார்ல்ஸ் ஃபெக்டர் பரிசாக அனுப்பிய ஷாலே 58 பெட்டிகளில் வந்து சேர்ந்தது. அதைக் கென்ட் மாவட்டத்தில் தன் தோட்டத்தில் நிறுத்தி உள்ளே உட்கார்ந்து எழுதினார். பயண ஏற்பாட்டாளர் தாமஸ் குக் தன் முதல் பயணக் குழுவைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போனது 1863இல். மலையில் விருந்தினருக்கு அறை விடுவது அன்றிலிருந்தே பிழைப்பு. வழிகாட்டியாகப் போன ஆண்களின் வீடுகளில் பெண்கள் அறையை ஒழித்து, படுக்கை விரித்து, சூப் காய்ச்சிக் கொடுத்தார்கள். அந்நியருக்கு வீட்டைத் திறப்பது மரபை மீறுவது என்று சொல்பவர்கள், மரபை எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது சூழல். 2012 மார்ச் 11 அன்று சுவிட்சர்லாந்து மக்கள் ஒரு வாக்கெடுப்பில் 50.6 விழுக்காடு ஆதரவோடு அரசியல் சாசனத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதைக் கொண்டுவந்தவர் ஃபிரான்ஸ் வேபர் என்ற சூழல் போராளி, 2019இல் மறைந்தார். ஓர் ஊராட்சியில் உள்ள குடியிருப்புகளில் இரண்டாம் வீடுகளின் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது அந்தப் பிரிவின் சாரம். முந்நூறுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் அந்த எல்லையைத் தாண்டியவை. அவற்றில் பெரும்பாலானவை மலையூர்கள். மலைச்சரிவுகளைக் கான்கிரீட் தின்றுகொண்டிருந்ததைக் கண்டு மக்கள் கொதித்ததன் விளைவு அந்த வாக்கு.

ஆண்டு முழுக்க வாடகைக்கு விடுவதை எதிர்ப்பவர்கள் இந்த வாக்கெடுப்பைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். சட்டத்தை எடுத்துப் படித்தால் கதை வேறு. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இரண்டாம் வீடுகள் சட்டம், எல்லை தாண்டிய ஊர்களில் புதிய விடுமுறை வீடுகளைத் தடுக்கிறது. ஆனால் விருந்தினருக்கு நிரந்தரமாக, சந்தை விலையில், குறுகிய காலத் தங்கலுக்கு வாடகைக்கு விடும் குடியிருப்புகளுக்குத் தனி வாசல் வைத்திருக்கிறது. உரிமையாளர் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும். அல்லது வரவேற்பு, பராமரிப்பு முதலிய சேவைகளோடு இயங்கும் தங்கும் நிறுவனத்தின் பகுதியாக அந்த வீடு இருக்க வேண்டும். மலையைக் காக்க எழுந்த சட்டமே பூட்டிய வீட்டையும் வாடகை வீட்டையும் வேறு வேறு தட்டில் வைத்துத்தான் நிறுத்தது. அதன் பகை, சுவிஸ்காரர்கள் ‘குளிர்ந்த படுக்கைகள்’ என்று அழைக்கும், ஆண்டின் பெரும்பகுதி யாரும் படுக்காத படுக்கைகளோடுதான்.

காரணம் எளிது. நூறு குடும்பங்கள் விடுமுறைக்கு வர விரும்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரு ஷாலே கட்டிப் பூட்டி வைத்தால் நூறு அடித்தளம், நூறு கூரை, நூறு கழிவுநீர் இணைப்பு, நூறு வீட்டுக்கான சாலை. அதே குடும்பங்கள் முறைவைத்து வாடகைக்கு எடுத்தால் பத்திருபது வீடு போதும். மலைச்சரிவில் தட்டையான நிலம் கொஞ்சம்தான்; பனிச்சரிவும் மண்சரிவும் வராத நிலம் அதனினும் கொஞ்சம். நிலத்தைக் காக்க விரும்புகிறவர், கட்டிய வீட்டை முழுக்கப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். பயன்படுத்தாமல் வைத்திருப்பதைத் தியாகம்போலப் பேசுவது விந்தை.

காலியான வீடு சூழலுக்குச் சும்மா இருப்பதும் இல்லை. உறைபனியில் குழாய் வெடிக்காமலிருக்கப் பல உரிமையாளர்கள் குளிர்காலம் முழுக்க வெப்பமூட்டியை ஓடவிட்டுப் போகிறார்கள். யாருமில்லாத அறைகள் மாதக்கணக்கில் கதகதப்பாக இருக்கின்றன. இரண்டாம் வீடுகளின் வெப்பத்தைத் தொலைவிலிருந்தே குறைத்து வையுங்கள் என்று சொல்வதற்காகச் சுவிஸ் கூட்டாட்சி அரசின் எரிசக்தித் திட்டம் ‘மேக்ஹீட்சிம்பிள்’ என்ற பெயரில் தனிப் பரப்புரையே நடத்த வேண்டியிருந்தது. ஆளுக்கு எரித்தால் செலவு. ஆளில்லா அறைக்கு எரித்தால் அது வெறும் விரயம்.

கூட்டம் கூடும் என்ற அச்சத்துக்கு வருவோம். மலையில் கூட்டம் என்பது பெரும்பாலும் நாள்காட்டியின் சிக்கல். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலும் பிப்ரவரி விடுமுறையிலும் எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து குவிகிறார்கள். குடிநீர்த் தொட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், வாகன நிறுத்தம் எல்லாவற்றையும் ஊர் அந்த இரண்டு மூன்று வாரத்தின் உச்சத்துக்கு அளவெடுத்துக் கட்ட வேண்டும். மீதி ஆண்டு முழுக்க அவற்றைப் பாதி வேலையோடு பராமரிக்க வேண்டும். அந்த உச்சத்தை உருவாக்குவது யார்? பூட்டிய வீட்டின் உரிமையாளர்தான். அவர் வருவது அந்த வாரங்களில் மட்டும். பிரான்ஸ் இதைப் புரிந்துகொண்டு, பிப்ரவரி பள்ளி விடுமுறையை மூன்று மண்டலங்களாகப் பிரித்து நான்கு வாரத்துக்குப் பரப்பி வைத்திருக்கிறது. ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் வாடகை வீடு அதே வேலையை அரசாணை இல்லாமல் செய்கிறது. பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்கள் ஜூனிலும் செப்டம்பரிலும் வருவார்கள். அப்போது விலையும் குறைவு.

குளிர்காலம் தவிர வேறு எப்போது ஆள் வரும் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆல்ப்ஸ் என்றால் பனிச்சறுக்கு என்ற எண்ணமே பிந்தியது. குக்கின் பயணிகள் வந்தது கோடையில். குளிர்காலத்தில் மலையூர் விடுதிகள் கதவடைத்துக் கிடந்த காலம் அது. குளிர்காலச் சுற்றுலா அதன் பிறகே மெல்ல வளர்ந்தது. இப்போது காலம் திரும்புகிறது. ஆல்ப்ஸ் உலக சராசரியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் சூடாகிறது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் பருமனில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. நாட்டின் சறுக்குத் தடங்களில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு இன்று இயந்திரம் தூவும் செயற்கைப் பனியை நம்பியிருக்கிறது. 2024இல் சுவிஸ் விடுதிகளில் 4 கோடியே 28 லட்சம் இரவுத் தங்கல்கள் பதிவாயின. நகரங்களையும் சேர்த்த கணக்கு இது என்றாலும், கோடை அரையாண்டின் பங்கே அதில் பெரியது. சமவெளி நகரங்கள் வெயிலில் வேகும்போது 1,500 மீட்டர் உயரத்தில் கிடைக்கும் இரவுக் குளிர்ச்சிக்கு விலை ஏறிக்கொண்டிருக்கிறது. சறுக்குக் காலத்தை மட்டும் நம்பி வீட்டைத் திறந்து மூடும் பழக்கம் நாளைய மலைக்குப் பொருந்தாது.

மூன்றாவது வாதம்தான் கனமானது: உள்ளூர்க்காரருக்குக் குடியிருக்க வீடு இல்லை. இதை நான் மறுக்கப்போவதில்லை. எங்கடீன் பள்ளத்தாக்கிலும் பெரிய சறுக்கு ஊர்களிலும் ஆசிரியருக்கும் செவிலியருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டாம் வீடுகள் சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. 2012 மார்ச்சுக்கு முன்பே இருந்த குடியிருப்புகளை எப்படியும் பயன்படுத்தலாம். உள்ளூர்க் குடும்பம் காலிசெய்த பழைய வீட்டை விடுமுறை வீடாக மாற்றி விற்கத் தடையில்லை. அந்த ஓட்டை வழியாக ஊர் வடிந்துகொண்டிருக்கிறது. குடியிருந்தவரைக் கிளப்பிவிட்டு வாரவாடகைக்கு மாற்றுகிறவரை நான் ஆதரிக்கவில்லை. அதைத் தடுக்க ஊராட்சிகள் கடுமையான விதி போட்டாலும் வரவேற்பேன்.

ஆனால் இந்த வாதம் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கும் ஷாலேக்கு எப்படிப் பொருந்தும்? அதில் எந்த ஆசிரியரும் குடியிருக்கவில்லை. அதை விருந்தினருக்கு விட்டால் உள்ளூர்க் குடும்பம் ஒன்றும் தெருவுக்கு வரப்போவதில்லை. ஜெனீவாவும் லூசெர்னும் குறுகியகால வாடகையை ஆண்டுக்கு 90 நாள் என்று மட்டுப்படுத்தியது, ஆள் குடியிருக்க வேண்டிய நகர வீடுகளைக் காப்பதற்கு. அதே 90 நாளைக் குடியிருக்க ஆளே இல்லாத விடுமுறை ஷாலேமீது வைத்தால், மீதி 275 நாளும் அது பூட்டியே கிடக்க வேண்டும் என்று ஊரே ஆணையிட்டதாகிவிடும். நகரத்தின் நோய்க்கு எழுதிய மருந்தை மலைக்கு அப்படியே ஊட்டுவது மருத்துவம் ஆகாது.

ஆண்டு முழுக்க வாடகைக்கு விடுவதில் இரண்டு வகை உண்டு என்பதையும் எதிர்ப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள். வாரம் ஒரு விருந்தினருக்கு விடுவது ஒன்று. ஒரே குடும்பத்துக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் குடிவிடுவது இன்னொன்று. ஊரில் வீட்டுத் தட்டுப்பாடு என்று உண்மையிலேயே வருந்துகிறவர், தன் பூட்டிய ஷாலேயை அந்தச் செவிலியருக்கு ஆண்டு வாடகைக்கு விடலாமே? விடுமுறை வாரங்களில் வீடு கைக்கு வராது. வேறு இழப்பு இல்லை. உள்ளூர்க்காரருக்காகக் கண்ணீர் விடுவார்கள், சாவியை மட்டும் கொடுக்க மாட்டார்கள். தானும் படுக்கான், தள்ளியும் படுக்கான் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

சட்டமும் சில இடங்களில் குறுக்கே நிற்கிறது. வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டவர் சுவிட்சர்லாந்தில் விடுமுறை வீடு வாங்குவதைக் கட்டுப்படுத்தும் லெக்ஸ் கோலர் சட்டம், அந்த வீட்டை அவ்வப்போது விருந்தினருக்கு விட அனுமதிக்கிறது. ஒருவருக்கு ஆண்டு முழுவதுமாகக் குடிவிட அனுமதிப்பதில்லை. முதலீட்டு வீடு வாங்குவதைத் தடுப்பது அதன் நோக்கம். நோக்கம் சரிதான். ஆயினும் வீடு தேடி அலையும் உள்ளூர்த் தொழிலாளியின் கண்ணெதிரே, குடிவிடவே கூடாத வீடு ஒன்று பூட்டி நிற்கிறது. திருத்த வேண்டிய இடம் இது.

பக்கத்து நாடான பிரான்ஸ் 2024 நவம்பரில் ‘லெ மெர்’ சட்டம் என்று அழைக்கப்படும் சட்டத்தைக் கொண்டுவந்தது. சுற்றுலாவுக்கு விடும் வீடுகளுக்குத் தரப்பட்டுவந்த தாராளமான வருமானவரிக் கழிவை அது வெட்டியது. இரண்டாம் வீடுகள் மலிந்த ஊர்களில், புதிதாகக் கட்டும் வீடுகள் முதன்மைக் குடியிருப்பாகவே இருக்க வேண்டும் என்று சில பகுதிகளை ஒதுக்கும் அதிகாரத்தையும் மேயர்களுக்குத் தந்தது. இந்த இரண்டாவது ஏற்பாடு அருமையானது. முதலாவதில் எனக்கு ஐயம் உண்டு. வாடகைக்கு விடுகிறவரின் சலுகையைக் குறைத்துவிட்டு, விடாமல் பூட்டி வைக்கிறவரிடம் அதே அளவு கேள்வி கேட்காவிட்டால், மலையூர்களில் சாத்திய சன்னல்கள்தான் பெருகும்.

கிராமத்தின் பிழைப்பைப் பார்ப்போம். மலையூரில் நவம்பரிலும் மே மாதத்திலும் போய் நின்றால் தெரியும்: ரொட்டிக்கடையில் விடுமுறை அறிவிப்பு, உணவகத்தில் கவிழ்த்த நாற்காலிகள், கேபிள் கார் பராமரிப்புக்காக நிறுத்தம். நான்கு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதம் யாரும் கடை நடத்த முடியாது. கடை போனால் இளைஞர் போவார். இளைஞர் போனால் பள்ளி மூடும். சுவிஸ் கிராமங்களில் தீயணைப்புப் படையே உள்ளூர்க்காரர்கள் முறைவைத்துச் செய்யும் பணி. தீப்பிடித்தால் சூரிச்சிலிருந்து வீட்டுக்காரர் வந்து அணைக்கப்போவதில்லை. பூட்டிய வீட்டின் கூரையிலிருந்து பனியைத் தள்ளவும் அந்த ஊரில் மிச்சமிருக்கும் யாரோ ஒருவர் வேண்டும்.

தமிழர்களுக்கும் இது தூரத்துக் கதை அல்ல. 1980களிலிருந்து இலங்கைப் போருக்குத் தப்பிச் சுவிட்சர்லாந்து சேர்ந்த தமிழர்களில் முதல் தலைமுறையினர் பலர் அந்த நாட்டின் உணவகச் சமையலறைகளிலும் விடுதிகளின் துப்புரவுப் பணியிலும் பாத்திரம் கழுவும் தொட்டியடியிலும்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். பருவம் முடிந்ததும் சம்பளம் நின்றுபோகும் ஊரில் குடும்பம் நடத்த முடியாது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுக்க விருந்தினர் வரும் ஊரில்தான் ஆண்டு முழுக்க வேலை இருக்கும். மலையின் அமைதியைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்த அமைதியில் வேலையிழப்பவர் யார் என்றும் ஒரு வரி எழுத வேண்டும்.

பலர் புழங்கினால் வீடு கெடும் என்பது இன்னோர் அச்சம். ஆள் புழங்காத வீடுதான் பாழாகும் என்று நம் பாட்டிகள் சொன்னார்கள்; இதில் நம் பாட்டிகள் பக்கமே நான். பூட்டிய ஷாலேயில் குழாய் வெடித்தால் மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும்; அதற்குள் தரைப்பலகை உப்பியிருக்கும். ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை படரும். கூரையிடுக்கில் எலியினங்கள் குடியேறும். வாடகை வீட்டுக்குள் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓர் ஊர்க்காரர் நுழைகிறார்: சன்னலைத் திறக்கிறார், விரிப்பை மாற்றுகிறார், குழாயைத் திருப்பிப் பார்க்கிறார், ஒழுகினால் அன்றே குழாய் பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுகிறார். இதைவிட மலிவான காப்பீடு மரவீட்டுக்குக் கிடையாது.

குடும்பப் பாசம் என்ற வாதத்தையும் விடக்கூடாது. தாத்தாவின் ஷாலே மூன்றாம் தலைமுறைக்கு வரும்போது பங்காளிகள் ஏழெட்டுப் பேர் ஆகிவிடுகிறார்கள். கூரை மாற்ற வேண்டும், வெப்பமூட்டியை மாற்ற வேண்டும், வரி கட்ட வேண்டும். யார் எவ்வளவு போடுவது என்ற பேச்சு வாக்குவாதத்தில் முடிகிறது. முடிவில் வீடு விலைக்குப் போகிறது. அதிக விலை கொடுப்பவர் பெரும்பாலும் இன்னும் வசதியான, இன்னும் குறைவாக வரும் ஒருவர்தான். வாடகை வருமானம் கூரைச் செலவைத் தாங்கினால் அந்த வீடு குடும்பத்திலேயே தங்கும். பேரப்பிள்ளைகளுக்கு வேண்டிய வாரத்தை முன்கூட்டியே நாள்காட்டியில் குறித்து வைத்தால் போதும். பாசத்துக்கு ஐம்பத்திரண்டு வாரமும் தேவைப்படுவதில்லை.

அதோடு, ‘குடும்பம்’ என்றால் யாருடைய குடும்பம்? மலையில் வீடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மட்டுமா விடுமுறை? 1939இல் தொடங்கிய ‘ரேகா’ என்ற சுவிஸ் கூட்டுறவு அமைப்பு, சொந்த வீடு வாங்க வழியில்லாத உழைப்பாளிக் குடும்பங்களும் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போக வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. விடுமுறைக் கிராமங்களை அமைத்து இன்றும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறது. வாடகை ஷாலே ஒவ்வொன்றும் அந்த வாசலைச் சற்று அகலமாக்குகிறது. பூட்டிய ஷாலே அதை அடைக்கிறது.

எப்படி வாடகைக்கு விட்டாலும் சரி என்று நான் சொல்லவில்லை. தளத்தில் படம் போட்டு, வாசலில் எண்பூட்டுப் பெட்டி மாட்டி, குப்பையை யார் எடுப்பார் என்று கவலைப்படாதவர் ஊருக்குப் பாரம்தான். சுவிஸ் நாடாளுமன்றமும் இதைக் கண்டுகொண்டது. வணிகத் தளத்தில் பதிவு செய்தாலே போதும், புது விடுமுறைக் குடியிருப்புக் கட்டலாம் என்றொரு ஏற்பாடு சட்ட முன்வரைவில் இருந்தது. தளத்தில் பெயர் இருப்பதும் வீட்டில் ஆள் இருப்பதும் வேறு என்பதால், 2015இல் எட்டிய சமரசத்தில் அது நீக்கப்பட்டது. உள்ளூரில் பொறுப்பாளர் ஒருவர், உள்ளூர்ச் சலவை, உள்ளூர்த் தச்சர், இரவுக்கு இரவு ஒழுங்காகச் செலுத்தும் விருந்தினர் வரி: இவை இருந்தால்தான் வாடகையால் ஊருக்குப் பயன்.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். டிச்சினோ மாநிலத்தின் வெர்சாஸ்கா பள்ளத்தாக்கில் உள்ள கொரிப்போ, நிரந்தரக் குடிகள் பத்துப் பதினைந்து பேராகச் சுருங்கிப்போன கல்வீட்டு ஊர். காலியான வீடுகளைச் செப்பனிட்டு, ஊர் முழுக்கப் பரவிய ஒரே விடுதிபோல 2022இல் திறந்தார்கள். சுவிஸ் மரபுப் பாதுகாப்புச் சங்கம் 2005இல் தொடங்கிய அறக்கட்டளை ஒன்று, இடிந்துபோகவிருந்த பழைய பண்ணை வீடுகளையும் மரவீடுகளையும் மீட்டு விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது. வாடகையால் மரபு கெடும் என்று பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: மரபைக் காக்கவே பிறந்த சங்கம் தேர்ந்துகொண்ட வழி, கதவைத் திறந்து விருந்தினரை உள்ளே விடுவதுதான். கிராவ்புண்டன் மாநிலத்தின் சில்வாப்லானா ஊராட்சி இன்னும் ஒரு படி மேலே போய், வாடகைக்கு விடாத இரண்டாம் வீடுகளுக்குத் தனி வரி விதித்தது. உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2014இல் ஊரின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

இந்தத் தீர்ப்பை இப்போது நினைவுபடுத்தக் காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 28 அன்று நடந்த வாக்கெடுப்பில், சொந்த வீட்டில் இருப்பவர்மீது கற்பித வாடகை வைத்து வரி வாங்கும் பழைய முறையை ஒழிக்க சுவிஸ் மக்கள் 57.7 விழுக்காடு ஆதரவளித்தார்கள். மலை மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்ட, இரண்டாம் வீடுகளுக்குத் தனிச் சொத்துவரி விதிக்கும் அதிகாரம் அதே வாக்கால் மாநிலங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அந்த வரியை எல்லா இரண்டாம் வீடுகளுக்கும் ஒரே அளவில் போட்டால் வாய்ப்பு வீணாகிவிடும். ஆண்டில் பாதிக்கு மேல் விருந்தினர் தங்கும் வீட்டுக்குக் குறைவாக, உள்ளூர்க் குடும்பத்துக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுத்த வீட்டுக்கு இல்லவே இல்லாமல், பூட்டிய வீட்டுக்கு முழுதாக என்று அமைக்க வேண்டும். வலே, கிராவ்புண்டன், பெர்ன், டிச்சினோ மாநிலச் சட்டமன்றங்கள் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது: ஊரில் ஒரு பொறுப்பாளரைப் பிடித்து, சாவியை அவரிடம் கொடுங்கள். மலையை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் உரிமை அதற்குப் பிறகுதான் உங்களுக்கு.